ஹாம்ப்ஸ் ஆற்றங்கரையில் ஓடிய பார்சி ரயில்

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தில் லீக் அண்ட் மேனிஃபோல்ட் என்று ஒரு குட்டி ரயில் பாதை இருந்ததாம். முப்பது வருஷம்கூட ஓடாமல் மூடிவிட்டார்களாம். அது இந்திய ரயிலைப் பார்த்துக் கட்டியது என்கிறார்களே, உண்மையா? நன்றாகக் கட்டிய பாதை என்றால் ஏன் மூடினார்கள்?"

உண்மைதான். சொல்லப்போனால் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஓடிய ரயில்களில் இந்த அளவுக்கு இந்திய ஜாடை உள்ள இன்னொன்று எனக்குத் தெரிந்து கிடையாது. கட்டிய இன்ஜினியர் மகாராஷ்டிரத்தில் பார்சி என்ற ஊருக்கு ஒரு நேரோகேஜ் பாதை, அதாவது அகலம் குறைந்த தண்டவாளப் பாதை, போட்டுவிட்டு வந்து, அங்கே கற்றதையெல்லாம் இங்கே இறக்கியவர். 1904 ஜூன் 27 அன்று திறந்தார்கள், 1934 மார்ச் 10, ஒரு சனிக்கிழமை, கடைசி வண்டி ஓடியது. 30 வருஷத்துக்கு மூன்றரை மாதம் குறைவு. மூடியதற்குக் கட்டிய விதம் காரணமே இல்லை. தப்பு நடந்தது எங்கே போடுவது என்ற இடத்தில்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் வடக்கு மூலையில், இன்றைக்குப் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் தென்மேற்கு ஓரமாக இருக்கும் மலைக்காடு. கிட்டத்தில் இருக்கிற ஊர் லீக், பட்டு நூலும் சாயமும் பிழைப்பாக இருந்த மில் ஊர். அதற்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவில் ஹாம்ப்ஸ், மேனிஃபோல்ட் என்று இரண்டு சின்ன ஆறுகள். சுண்ணாம்புக்கல் நாட்டு ஆறுகளுக்கே உரிய குணம் ஒன்று இரண்டுக்கும் உண்டு: கோடையில் தண்ணீர் திடீரென்று பூமிக்குள் இறங்கிவிடும். ஹாம்ப்ஸ் வாட்டர்ஹவுஸஸ் பக்கத்தில் மறையும், மேனிஃபோல்ட் வெட்டன் மில் அருகே மறையும், இரண்டும் கிலோமீட்டர் கணக்கில் பாறைக்கு அடியிலேயே போய் இலம் என்ற ஊரில் மறுபடி ஊற்றாகக் கிளம்பும். நான் போனது ஆகஸ்டில். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே வெறும் கூழாங்கல், ஓரத்தில் வாடிய செடிகள், சொட்டுத் தண்ணீர் இல்லை. இதையா ஆறு என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

இந்த இரண்டு ஆற்றின் கரையோடும் வளைந்து வளைந்து போனதுதான் நம் ரயில். வாட்டர்ஹவுஸஸில் ஆரம்பித்து ஹாம்ப்ஸோடு போய், பீஸ்டன் டோர் என்ற பெரிய பாறைக்குக் கீழே மேனிஃபோல்டைப் பிடித்து, அப்படியே வடக்கே ஹல்ம் எண்ட் வரை. மொத்தம் எட்டேகால் மைல், 13 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர்.

சரி, இந்தக் காட்டுக்குள் யார் ரயில் கேட்டார்கள்? 1870களிலிருந்தே இங்கிலாந்து விவசாயம் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்க, உள்ளூர்க் கோதுமை விலை போகவில்லை. ஆனால் பால் மட்டும் கப்பலில் வர முடியாத சரக்கு. மாடு வைத்திருந்தவன் தப்பித்தான், ஆனால் பாலை அன்றன்றைக்கு நகரத்துக்குக் கொண்டுபோக ரயில் வேண்டும், மலைநாட்டில் பெரிய ரயில் போட எந்தக் கம்பெனிக்கும் மனசில்லை. இந்த மாதிரி ஊர்களுக்காகத்தான் 1896இல் லைட் ரயில்வே சட்டம் வந்தது. பெரிய பாதைக்குக் கேட்கிற சிக்னல், வேலி, கேட், உயரமான பிளாட்பாரம் எல்லாவற்றிலும் சலுகை, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவரத் தேவையில்லை, அரசு மானியமும் கிடைக்கலாம். பதிலுக்கு வண்டி மெதுவாகப் போக வேண்டும். லீக் பகுதிக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு வாங்கிவிட்டார்கள். ஆனால் 1899இல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனி பள்ளத்தாக்குக்குக் கிழக்கே ஆஷ்போர்னிலிருந்து பக்ஸ்டன் பக்கமாகத் தன் பெரிய பாதையைத் திறந்து ஹார்டிங்டன் என்ற ஊருக்கு ஒரு ஸ்டேஷனும் வைத்துவிட்டது. நம் குட்டி ரயிலின் வடக்குக் கோடியில் கிடைத்திருக்க வேண்டிய சரக்கில் ஒரு பங்கு, இவர்கள் தண்டவாளம் போடும் முன்பே கை மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்ஜினியருக்கு வருவோம். எவரார்டு கால்த்ராப், 1857இல் பிறந்தவர், 1882இல் இந்தியா வந்து கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்த ரயில்வேயின் பிரதான பாதை சோலாப்பூர் பக்கம் போகும்போது பார்சி என்ற பருத்திச் சந்தை ஊரை 35 கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டுப் போனது. பருத்தியெல்லாம் மாட்டு வண்டியில் பார்சி ரோடு ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தது, அதுதான் இன்றைய குர்துவாடி. கால்த்ராப் அங்கே ஒரு நேரோகேஜ் பாதை போடலாம் என்று பிடிவாதமாக அலைந்து, கடைசியில் லண்டனில் தானே கம்பெனி சேர்த்து, 1897இல் பார்சி லைட் ரயில்வேயைத் திறந்தார்.

நேரோகேஜ் அதற்கு முன்பே டார்ஜிலிங்கில் இருந்தது, வேல்ஸில் இருந்தது. கால்த்ராப் செய்தது வேறு. குட்டி ரயில் என்றால் பெட்டியும் குட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு இப்படிப் போகும்: இன்ஜின், பெட்டி, வேகன் எதுவானாலும் ஒரு அச்சில் 5 டன்னுக்கு மேல் பாரம் விழக்கூடாது. அதே நேரம் எல்லா அச்சிலும் அந்த 5 டன் முழுசாக வரும்படி வண்டிகளை வடிவமைக்க வேண்டும். அப்படியானால் இன்ஜினுக்காக மட்டும் கனத்த தண்டவாளம் போட்டு, வேகனெல்லாம் அதில் பாதி பாரத்தோடு போகிற வீண்செலவு இல்லை. இன்றைக்கு இந்தியாவின் பிரதான பாதைகளில் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் கிடக்கிறது, அவர் போட்டது அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த மெல்லிய கம்பியின் மேல் அழுத்தி வடிவமைத்த எஃகுச் சட்டம், வளைவில் தானே திரும்பிக்கொடுக்கும் போகி சக்கரத் தொகுதி வைத்த நீள நீளமான வேகன்கள், கிட்சன் கம்பெனி செய்த எட்டுச் சக்கரம் ஓட்டும் இன்ஜின்கள். கப்பலில் ஏற்றும் முன் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் நியூலே என்ற இடத்தில் சோதனைப் பாதை போட்டு ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்த இன்ஜினியர்கள் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். இரண்டரை அடி அகலத்தில் இப்படி ஒரு வண்டியை இங்கிலாந்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கால்த்ராப்பைத்தான் மேனிஃபோல்ட் பாதைக்கு இன்ஜினியராகப் பிடித்தார்கள். இரண்டே இன்ஜின், கிட்சன் கம்பெனிதான் செய்தது. ஒன்றுக்கு அவர் பெயர், இன்னொன்றுக்குக் களத்தில் நின்று வேலை பார்த்த ஏர்ல் என்ற இன்ஜினியரின் பெயர். முன்னால் இரண்டு, நடுவில் ஆறு, பின்னால் நான்கு என்ற சக்கர அமைப்பு பிரிட்டனில் இதுதான் முதல் தடவை. முகப்பில் இந்திய ரயில் பாணியில் குடம் அளவுக்கு ஹெட்லைட். ஆடுமாடு குறுக்கே வரும் தக்காணத்து இருட்டில் அதற்கு வேலை உண்டு, ஸ்டாஃபோர்ட்ஷயர் பள்ளத்தாக்கில் அது பெரும்பாலும் அலங்காரம்தான். நான்கு பயணிப் பெட்டிகள், வெளிர் மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் வராந்தா வைத்து, வெயில் நாட்டுக்குச் செய்தது போல. புகைப்படத்தில் இன்ஜினை மட்டும் காட்டி எந்த ஊர் என்று கேட்டால் பாதிப் பேர் குவாலியர் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் உண்மையான அதிசயம் இன்ஜின் இல்லை, அது சுமந்த டிரான்ஸ்போர்ட்டர் வேகன். நேரோகேஜ் ரயிலுக்கு எப்போதும் ஒரு சாபம் உண்டு. அகலம் மாறும் ஸ்டேஷனில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், கூலி, நேரம், உடைசல், திருட்டு எல்லாம் அங்கேதான். கால்த்ராப் என்ன செய்தார் என்றால், நேரோகேஜ் தண்டவாளத்தில் ஓடுகிற தாழ்வான ஒரு சட்டம் செய்து அதன் மேல் ஸ்டாண்டர்ட்கேஜ் அகலத்துக்கு, அதாவது 1435 மில்லிமீட்டருக்கு, இரண்டு கம்பி பதித்தார். வாட்டர்ஹவுஸஸில் பெரிய பாதை முடிகிற முனையில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து முட்டவைத்தால் மேலே உள்ள கம்பியும் பெரிய பாதையின் கம்பியும் ஒரே மட்டம். நிலக்கரியோடு வந்த வேகனை அப்படியே உருட்டி மேலே ஏற்றி, சக்கரத்தை இறுக்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. குழந்தை அப்பா தோளில் ஏறியது தெரியும், இங்கே அப்பா குழந்தை தோளில் ஏறிக்கொண்டார். வழியில் உள்ள சின்ன ஸ்டேஷன்கள் சிலவற்றில் கொஞ்ச நீளத்துக்கு ஸ்டாண்டர்ட்கேஜ் கம்பி துண்டாகக் கிடக்கும், எதோடும் சேராமல் வயல் ஓரத்தில். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ மறந்துவிட்டுப் போன தண்டவாளம் என்றுதான் நினைப்பார்கள். வேகனை அதில் இறக்கி விட்டுவிட்டு வண்டி போய்விடும், விவசாயி சாவகாசமாகக் கரியை இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் இந்த முறையை முதலில் ஓட்டிக் காட்டியது இந்தப் பாதைதான்.

திறப்பு விழாக் கதை கொஞ்சம் சிரிப்பு. குட்டி ரயில் 1904 ஜூனில் தயார், ஆனால் லீக்கிலிருந்து வாட்டர்ஹவுஸஸ் வரை வரவேண்டிய பெரிய பாதை தயார் இல்லை. மலை ஏற்றம், வேலை இழுத்துக்கொண்டே போய் 1905இல்தான் திறந்தது. அதுவரை ஒரு வருஷம் பயணிகளை லீக்கிலிருந்து நீராவி பஸ்ஸில் கொண்டுவந்து ரயிலில் ஏற்றினார்கள். ரயிலுக்குப் பஸ் ஆள் பிடித்துத் தந்த காலம். அந்தப் பஸ்தான் இருபது வருஷம் கழித்து ரயிலைத் தின்னப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். பாதை தனிக் கம்பெனி பெயரில் இருந்தாலும் ஓட்டியது நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் ரயில்வே. அந்த மாவட்டத்தின் முடிச்சுச் சின்னத்தை வைத்து ஊரார் அதைச் செல்லமாக 'நாட்டி' என்பார்கள், ஆங்கிலத்தில் முடிச்சு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.

பாதையில் ஒரே ஒரு சுரங்கம், ஸ்வெயின்ஸ்லியில், 150 மீட்டர் இருக்கும். அங்கே குடையாமலும் போயிருக்கலாம். பக்கத்தில் ஸ்வெயின்ஸ்லி ஹால் என்ற பெரிய வீடு, சர் தாமஸ் வார்டில் குடும்பத்தினுடையது. ரயில் வேண்டும், ஆனால் ஜன்னலிலிருந்து தெரியக்கூடாது, அதனால் மலைக்குள் விட்டார்கள். இந்த வார்டில் யார் என்று பார்த்தால் அங்கேயும் இந்தியா வந்து நிற்கிறது. லீக்கில் பட்டுச் சாயத் தொழில் செய்தவர், பேர்போன ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் சாயம் போடக் கற்றுக்கொண்டதே இவரிடம்தான். இந்தியாவின் டஸ்ஸர் பட்டு, காட்டுப் பட்டு என்றால் சாயம் ஏறாது என்று ஐரோப்பாவில் ஒதுக்கியிருந்ததை, சாயம் ஏற வைத்து 1878 பாரிஸ் கண்காட்சியில் காட்டியவர். 1885-86இல் வங்காளம் வரை போய்ப் பட்டுப்பூச்சி வளர்ப்பை நேரில் பார்த்து வந்தார். ஆக அந்தப் பள்ளத்தாக்கில் இந்தியாவோடு பெரிய தொடர்புள்ள இரண்டு பேர், ஒருவர் ரயில் போட்டார், இன்னொருவர் அதைக் கண்ணில் காட்டாதே என்றார்.

சரி, ஏன் தோற்றது? நான் வெட்டன் ஊருக்குப் போன கதையைச் சொன்னாலே போதும். தோர்ஸ் கேவ் என்று ஒரு குகை, மலைச் சரிவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதற்கு நேர் கீழே வெட்டன் ஊருக்கான ஸ்டேஷன் இருந்தது. இன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை, தார் போட்ட பாதை மட்டும்தான். சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினேன். படி, வேர், வழுக்குகிற சுண்ணாம்புக்கல், மறுபடி படி. குகை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி ஊருக்குப் போனபோது முட்டி இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. என் பையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில். இதே ஏற்றத்தை ஒரு பெண்மணி சந்தைச் சாமானோடு, நவம்பர் மழையில், சாயங்காலம் ஐந்து மணி இருட்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். வெட்டன் மட்டும் இல்லை, கிரிண்டன், பட்டர்டன் எல்லாமே மலை மேல் உள்ள ஊர்கள். ரயில் போனது அடிவாரத்தில். ஸ்டேஷன் பலகையில் ஊர் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. ஹல்ம் எண்டிலும் அதே கூத்து, பலகையில் ஷீன், ஹார்டிங்டன் என்று இரண்டு ஊர் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார்கள், இரண்டுக்கும் நல்ல நடை நடக்க வேண்டும். ஹார்டிங்டன்காரருக்கு வேறு கம்பெனியின் பெரிய ரயிலே வேறு பக்கத்தில் இருந்தது, அதுவும் நடைதான், ஆனால் அதில் ஏறினால் பக்ஸ்டன் பக்கம் நேராகப் போகலாம். இங்கே ஏறினால் வாட்டர்ஹவுஸஸில் இறங்கி வண்டி மாறி லீக்குக்குப் போய் அங்கே மறுபடி மாற வேண்டும்.

பாதை போட்ட காலத்திலேயே ஒரு கிண்டல் உலவியது. தண்டவாளம் போட்ட கூலிக்காரர் ஒருவர் சொன்னதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள்: ரயில் நல்ல ரயில்தான், ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் கிளம்பி அதே இடத்துக்குப் போய்ச் சேருகிறதே. அந்த ஆளைக் கன்சல்டண்டாக வைத்திருந்தால் பங்குதாரர்கள் தப்பித்திருப்பார்கள்.

இன்னொரு கொடுமை, அந்தப் பள்ளத்தாக்குக்கு நிஜமாகவே ரயில் தேவைப்பட்ட காலம் நூறு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. எக்டன் என்ற இடத்தில் டெவன்ஷயர் டியூக்குகளின் தாமிரச் சுரங்கம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அதில் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல, ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே ஆழமான சுரங்கம். அப்போதெல்லாம் தாதுவைச் சுமந்தது கழுதையும் குதிரையும். ரயில் வந்து எக்டனில் நின்றபோது சுரங்கம் மூடியாகிவிட்டது.

மிச்சம் இருந்தது பால். அதில்தான் ரயில் உயிர் பிழைத்தது, உண்மையிலேயே கொஞ்ச நாள் நன்றாகவும் ஓடியது. ஆரம்பத்தில் விவசாயிகள் உயரமான தகரக் கேன்களில் பாலைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் வைப்பார்கள். முதல் உலகப் போர் முடிகிற காலத்தில் எக்டனிலேயே ஒரு பால் பண்ணை வந்தது, லண்டனுக்குப் பால் அனுப்பும் கம்பெனியுடையது. அதற்கப்புறம் பால் டாங்க் வேகன். லண்டனிலிருந்து காலியாக வந்த பெரிய பாதை டாங்க், வாட்டர்ஹவுஸஸில் டிரான்ஸ்போர்ட்டர் முதுகில் ஏறி, எக்டன் போய் நிரம்பி, அதே மாதிரி திரும்பி வந்து இறங்கி லண்டன் போய்விடும். நடுவில் ஒரு சொட்டுப் பாலை யாரும் இறக்கி ஏற்றவில்லை. கால்த்ராப் பருத்தி மூட்டையைப் பார்த்து வளர்த்த சிந்தனை கடைசியில் நின்று வேலை செய்தது இங்கேதான். பயணிகள் என்றால் கோடை விடுமுறைக் கூட்டம். மில் ஊர்க்காரர்கள், மண்பாண்டத் தொழிற்சாலைக்காரர்கள், பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறை அன்று குடும்பத்தோடு குகை பார்க்க வருவார்கள், அன்றைக்கு நான்கு பெட்டியும் பிதுங்கும். அடுத்த நாள் கார்டும் டிரைவரும் ஃபயர்மேனும் மட்டும் போய்வருவார்கள்.

1923இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளையெல்லாம் நான்காகச் சேர்த்தபோது இது அந்த நான்கில் ஒன்றான எல்.எம்.எஸ். கைக்குப் போனது. அவ்வளவு பெரிய கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் எட்டு மைல் நேரோகேஜ் ஒரு தொல்லை. ஊரில் போரிலிருந்து திரும்பிய பையன்கள் ராணுவத்தின் பழைய லாரிகளை வாங்கி ஓட்ட ஆரம்பித்திருந்த காலம் அது. லாரிக்கு மலை மேல் உள்ள ஊர் என்றால் ஒன்றும் இல்லை, நேராகப் பண்ணை வாசலுக்கே வந்து கேனை எடுத்துக்கொள்ளும். கடைசி அடி 1930களின் தொடக்கத்தில். பால் கம்பெனி எக்டனை மூடிவிட்டு டெர்பிஷயரில் ரௌஸ்லி என்ற ஊருக்குப் போனது, பிரதான பாதை மேலேயே இருந்த இடம். பால் போனபின் ரயிலுக்கு ஒரு வேலையும் இல்லை, 1934இல் நிறுத்திவிட்டார்கள். லீக்கிலிருந்து வாட்டர்ஹவுஸஸ் வந்த பெரிய பாதையிலும் அடுத்த வருஷம் பயணி வண்டி நின்றது, கல்குவாரிக்காகச் சரக்கு மட்டும் ரொம்ப காலம் ஓடியது. இரண்டு கிட்சன் இன்ஜினில் ஒன்றுகூட மியூசியத்துக்கு வரவில்லை, பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தன. எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம்.

இப்போது பார்சியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மூளை, அதே அகலம், அதே கம்பெனியின் இன்ஜின். அது 1906இல் பண்டரிபுரத்துக்கும், 1911இல் லாத்தூருக்கும், 1927இல் மிரஜுக்கும் நீண்டு 200 மைலைத் தாண்டியது. பருத்தி ஒரு பக்கம், ஆஷாட ஏகாதசிக்குப் பாண்டுரங்கனைப் பார்க்கப் போகிற கூட்டம் மறுபக்கம், லாபத்தில் ஓடிய ரயில். 1954இல்தான் இந்திய அரசு எடுத்துக்கொண்டது, 2000க்குப் பிறகு பிராட்கேஜ் ஆக்கினார்கள். பார்சி ரயில் ஊருக்குள்ளேயே போனது, மேனிஃபோல்ட் ரயில் ஊருக்கு அடியில் போனது. இரண்டு பக்கமும் மலை ஏறினால்தான் ஜனம் என்று இருந்தால் கால்த்ராப் என்ன, அவர் அப்பா வந்தாலும் ஓட்ட முடியாது.

கால்த்ராப் பற்றி ஒரு துணுக்கு, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அவருடைய நண்பர் சார்ல்ஸ் ரோல்ஸ், ஆமாம், ரோல்ஸ் ராய்ஸ் ரோல்ஸ்தான், 1910இல் விமானம் உடைந்து விழுந்து இறந்தார். அதைக் கண்டு கலங்கிய கால்த்ராப் பாராசூட் பக்கம் திரும்பினார். தான் செய்த பாராசூட்டுக்கு 'கார்டியன் ஏஞ்சல்' என்று பெயர் வைத்தார். 1917இல் ஓர்ட் லீஸ் என்பவர், ஷாக்கிள்டனோடு அண்டார்டிகா போய் வந்தவர், லண்டன் டவர் பிரிட்ஜ் மேலிருந்து அதைக் கட்டிக்கொண்டு தேம்ஸில் குதித்துக் காட்டினார். உளவாளிகளை எதிரி நாட்டில் இறக்க அதைப் பயன்படுத்தினார்கள், ஆனால் சொந்த விமானிகளுக்குக் கொடுக்கப் போர் முழுவதும் பிரிட்டன் தயங்கிக்கொண்டே இருந்தது. கால்த்ராப் 1927இல் இறந்தார். தன் ரயில் மூடியதைப் பார்க்கவில்லை.

பாதை என்ன ஆனது என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். எல்.எம்.எஸ். அதை ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுன்சிலுக்குக் கொடுத்துவிட்டது, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு 1937இல் நடைபாதையாகத் திறந்தார்கள். மூடிய ரயில் பாதையை நடைபாதை ஆக்குவதெல்லாம் இங்கிலாந்தில் 1960களுக்குப் பிறகு வந்த பழக்கம், இவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே செய்துவிட்டார்கள். இன்றைக்கு 'மேனிஃபோல்ட் வே' என்று பெயர். வாட்டர்ஹவுஸஸில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், ஏற்றம் பெரிதாக இல்லை, வெட்டன் மில்லில் டீ குடிக்கலாம், ஹல்ம் எண்டில் பழைய டிக்கெட் ஆபீஸ் கட்டடம் பார்வையாளர் மையமாக நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். வெட்டன் மில்லுக்கு வடக்கே சுமார் ஒன்றரை மைல் தூரம் காரும் வரும், ஸ்வெயின்ஸ்லி சுரங்கம் உட்பட. குட்டி ரயிலின் சுரங்கத்தில் கார் எப்படிப் போகிறது என்று தோன்றும். டிரான்ஸ்போர்ட்டர் முதுகில் முழுப் பெரிய வேகன் ஏறி நின்று போக வேண்டுமே என்று அவ்வளவு உயரமாகக் குடைந்திருக்கிறார்கள். உள்ளே இருட்டு, ஈரம், எதிரே ஹெட்லைட் தெரிந்தால் சைக்கிளை ஓரமாகச் சுவரோடு சாய்த்து நின்றுகொள்ளுங்கள். நான் அப்படித்தான் நின்றேன், சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு.